இலங்கையின் பெயர் தாங்கிய அயற்பூச்சி
கொச்சினீல் சாதியின் பெயர் வரலாறு பற்றிய ஒரு திறனாய்வு

நன்னூலார் பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்தி, அவ்விரண்டையும் பொது, சிறப்பு என மீட்டும் பகுத்துக் காட்டினார். மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர். பனை என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை என்பது காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி என்பது காரணச் சிறப்புப்பெயர். மாணவர் இளம்பருவத்திலேயே மனனஞ் செய்துவிடும் இப்பாகுபாடு இலக்கண வகுப்போடு பயன் முடிந்துபோவதன்று. உயிர்களுக்கு இலத்தீன் மொழியிற் பெயரிடும் விஞ்ஞான மரபு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்க்க முயன்றுவரும் ஒரு சிக்கலை விளங்கிக்கொள்வதற்கு இதனினும் ஏற்ற கருவி வேறொன்றில்லை எனலாம். ஒரு பெயர் பொருளின் இயல்பைக் கூறவேண்டுமா, அல்லது பொருளைச் சுட்டினாற் போதுமா என்பதே அச்சிக்கல்.

இவ்வினாவைப் பொதுப்பட ஆராய்வதினும் ஓர் எடுத்துக்காட்டின் வழியே ஆராய்தல் தெளிவு தரும். அதற்கு ஏற்ற பொருள் கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டோடு தொடர்புடைய ஒரு சிறு பூச்சி. கொச்சினீல் எனப்படும் செஞ்சாயப் பூச்சிகளுள் ஒன்றாகிய அதன் விஞ்ஞானப் பெயர் டக்டிலோப்பியஸ் சிலோனிக்கஸ் என்பது. சிலோனிக்கஸ் என்றால் இலங்கைக்குரியது என்பது பொருள். ஆனால் அப்பூச்சி இலங்கைக்குரியதன்று. அதன் தாயகம் தென்னமெரிக்கா. பெயரைக் கேட்ட அளவில் தவறான செய்தி தருகின்ற இப்பெயர் இன்றுவரை திருத்தப்படாமல் நிலைத்திருப்பது ஏன் என்பதையும், அந்நிலைபேறு தகுமா என்பதையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பெயரிடும் முறையை நோக்குவோம். சுவீடன் நாட்டறிஞர் இலின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட இயற்கை ஒழுங்கு பற்றிய நூலின் பத்தாம் பதிப்பே விலங்குப் பெயரீட்டுக்குத் தொடக்கம் என்று கொள்ளப்படுகிறது. அம்முறைப்படி ஒவ்வோர் உயிருக்கும் இருசொற்பெயர் உண்டு. முதற்சொல் சாதியையும் இரண்டாஞ் சொல் அச்சாதியுள் அடங்கிய இனத்தையும் குறிக்கும். தமிழில் சாரைப்பாம்பு, பனைமரம் முதலியவற்றை இருபெயரொட்டு என்பர்; அவற்றுட் சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் நிற்கும். இலத்தீன் முறையிற் பொதுப்பெயர் முன்னும் சிறப்புப்பெயர் பின்னும் நிற்கும். வரிசை மாறினும் நுட்பம் ஒன்றே. பொதுப்பெயர் ஒன்றைப் பலவற்றோடு சேர்க்கிறது. சிறப்புப்பெயர் அதனை அப்பலவற்றினின்றும் பிரிக்கிறது. சேர்த்தலும் பிரித்தலும் வெவ்வேறு தொழில்கள் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். கொச்சினீற் பெயர் வரலாற்றிலுள்ள பிழைகள் அனைத்தும் இவ்விரண்டனுள் ஒன்றிற் பிறந்தவையே.

செதிற்பூச்சிகள் என்பன செடிகளின் தண்டிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு சாறுறிஞ்சி வாழ்வன. பெண் பூச்சிக்குச் சிறகில்லை. பெரும்பாலும் அது ஓரிடத்திலேயே தங்கி, மெழுகினாலோ ஓட்டினாலோ தன்னை மூடிக்கொள்ளும். கொச்சினீற் பூச்சிகள் கள்ளியினத்துச் செடிகளில் மட்டும் வாழ்வன. அவற்றின் உடலில் உள்ள கார்மினிக் அமிலமே செஞ்சாயத்தின் மூலம். மெக்சிக்கோவிலும் பெருவிலும் வளர்க்கப்பட்ட மெய்க் கொச்சினீலின் உலர்ந்த உடலில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இவ்வமிலமாகும். ஒரு கிலோகிராம் சாயப்பொருளுக்கு ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட பூச்சிகள் வேண்டும். இசுப்பானியர் இதனை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்து பெருஞ்செல்வம் ஈட்டினர். உலர்ந்த பூச்சி தானியமணி போன்று தோன்றியமையால் அதனை வாங்கியோருட் பலர் அது விதையா விலங்கா என்று அறியாதிருந்தனர். இலின்னேயஸ் செதிற்பூச்சிகளுக்கு இட்ட கொக்கஸ் என்னும் சாதிப்பெயரும் மணி, கொட்டை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. ஆகவே இக்குலத்தின் முதற்பெயரே ஒரு மயக்கத்தின் நினைவாக அமைந்த காரணப்பெயர் ஆயிற்று.

இலங்கையில் இப்பூச்சி வந்தடைந்த வரலாறு சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் தொடங்குகிறது. இசுப்பானியரின் வணிகத் தனியுரிமையை உடைக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பனியார் இந்தியாவிற் கொச்சினீல் வளர்க்க முயன்றனர். சென்னையில் மருத்துவத்துறைத் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் அண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சைதாப்பேட்டையிற் கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்துப் பூச்சியின் வரவை எதிர்நோக்கியிருந்தார். 1795ஆம் ஆண்டில் நீல்சன் என்னும் கப்பித்தான் இரியோ டி ஜனேய்ரோவிலிருந்து சில பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அவை பெருகின, சென்னைக்கும் அனுப்பப்பட்டன. ஆனால் எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. வந்தது மெய்க் கொச்சினீலன்று; அதன் காட்டு உறவினம். மெய்க் கொச்சினீலின் உடலை மாப்போன்ற வெண்பொடி மூடியிருக்கும். காட்டினங்களின் உடலைப் பஞ்சுபோன்ற மெழுகிழைகள் போர்த்திருக்கும். சாயத்தின் அளவும் தரமும் காட்டினத்திற் குறைவு.

இங்கே நேர்ந்த பிழை யாது? பொதுப்பெயரிற் பிழையில்லை. வந்த பூச்சி கொச்சினீற் குலத்தைச் சேர்ந்ததே. பிரித்தறிதலிலே பிழை நேர்ந்தது. கொச்சினீல் என்னும் ஒரே வணிகப்பெயரின் கீழ்ப் பல இனங்கள் உள்ளன என்பது தெளிவாகாத நிலையில், பெயர் பொருந்தியது கண்டு பொருளும் பொருந்தியதாகக் கொள்ளப்பட்டது. பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராக வழங்கியதன் விளைவாக ஒரு பெருமுயற்சி பொய்த்தது. பெயராய்வைப் பயனற்ற நுண்வேலை என்று இகழ்வோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் நன்று.

எனினும் பொய்த்த முயற்சியே வேறொரு பயனை ஈன்றது. அயல்நாட்டிலிருந்து வந்து தென்னிந்தியாவில் முள்வேலியாகவும் பின்னர்க் களையாகவும் பரவியிருந்த சப்பாத்திக்கள்ளிகளுள் ஒருவகையை இப்பூச்சி விரைவாக அழித்தது. அதனைக் கண்டோர் 1830களிற் களையழிப்பதற்கென்றே தென்னிந்தியாவின் பல பகுதிகளில் அதனைப் பரப்பினர். 1865ஆம் ஆண்டளவில் அதே நோக்கத்தோடு இந்தியாவிலிருந்து இலங்கைக்கும் அது கொண்டுவரப்பட்டது. களையொன்றை ஒழிப்பதற்காக அதன் பகையுயிரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேண்டுமென்றே எடுத்துச் சென்று வெற்றி கண்ட முதல் நிகழ்ச்சி இதுவென்று உயிரியற் கட்டுப்பாட்டு வரலாறு எழுதுவோர் குறிப்பிடுவர். ஆகவே இலங்கைக்கு வந்தபோது இப்பூச்சி ஏற்கெனவே இரு கடல்களைக் கடந்து, எழுபது ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்திருந்தது. அதற்கு இலத்தீனில் முறையான தனிப்பெயர் மட்டும் இல்லை.

அப்பெயரை இட்டவர் எட்வேட் ஏர்னஸ்ட் கிரீன். 1861ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த இவர், கண்டிக்குத் தெற்கே பூண்டுலோயாவில் தோட்டத்துரையாக வாழ்ந்துகொண்டே செதிற்பூச்சிகளை ஆராயத் தொடங்கினார். அக்காலத்து மலைநாட்டில் இவ்வாராய்ச்சி பொழுதுபோக்கன்று. கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களைச் செதிற்பூச்சிகள் 1840களிலிருந்தே வருத்தின. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த ஜோர்ஜ் கார்டினர் அவற்றைப் பற்றி அறிக்கை எழுதினார். 1852ஆம் ஆண்டில் இலண்டனில் பிரான்சிஸ் வோக்கர் இலங்கைக் கோப்பிச் செடியிலிருந்து பெற்ற பூச்சிக்கு லெக்கானியம் கோஃபியே என்று பெயரிட்டார். ஜேர்மனியரான நீற்னர் 1861ஆம் ஆண்டிற் கோப்பியின் பகைகளைப் பற்றிக் கொழும்பில் ஒரு நூல் வெளியிட்டார். 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை வீழ்த்தத் தொடங்கியபின், எஞ்சிய செடிகளைப் பச்சைச் செதிற்பூச்சி தாக்கியது. அதற்கு 1889ஆம் ஆண்டில் லெக்கானியம் விரிடே என்று பெயரிட்டு விவரித்தவர் கிரீனே.

1899ஆம் ஆண்டு முதல் 1913ஆம் ஆண்டு வரை அவர் பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளராகக் கடமையாற்றினார். இலங்கைச் செதிற்பூச்சிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1896ஆம் ஆண்டுக்கும் 1922ஆம் ஆண்டுக்கும் இடையில் ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. இருநூற்றுக்கு மேற்பட்ட படத்தகடுகளைக் கொண்ட அந்நூல், ஒரு சிறு தீவின் செதிற்பூச்சிகளை அக்காலத்து அறிவு இடந்தந்த அளவுக்கு முழுமையாகக் காட்ட முயன்றது. பூச்சியின் உருவத்தை மட்டுமன்றி, அது செடியில் அமர்ந்திருக்கும் தோற்றத்தையும் படங்கள் காட்டுகின்றன. சொல்லால் விவரித்த பெயர் பின்னாளில் ஐயத்துக்கிடமானாலும், படம் பொருளைக் காட்டி நிற்கும். இதுவே கிரீனின் முதற்சிறப்பு எனல் தகும்.

1896ஆம் ஆண்டிற் கிரீன் இலங்கையின் கொச்சினீற் பூச்சிக்குக் கொக்கஸ் கக்ரை என்னும் இனத்தின் சிலோனிக்கஸ் என்னும் வேறுபாடு என்று பெயரிட்டார். இப்பெயரை மூன்று கூறாகப் பிரித்து மதிப்பிடலாம். வேறுபாடு என்று பிரித்தமை அவருடைய கூர்மையைக் காட்டுகிறது. நூறாண்டுகளாகக் கொச்சினீல் என்னும் ஒரே பெயரால் வழங்கிய பூச்சி, மெய்க் கொச்சினீலோடு முற்றும் ஒன்றன்று என்பதை அவர் பெயரளவிற் பதிவு செய்தார். அதனைத் தனியினம் என்னாது வேறுபாடு என்றமை அக்காலத்து அறிவின் எல்லையைக் காட்டுகிறது. அமெரிக்கக் கண்டத்துக் கொச்சினீற் பூச்சிகள் முழுமையாக ஒப்புநோக்கப்படாத காலம் அது. இக்குலத்தைச் சேர்ந்த வேறோர் இனத்துக்கு 1893ஆம் ஆண்டிற் கொக்கரெல் இட்ட பெயர் கொன்ஃபியூசஸ். மயக்கமுற்றது என்பது அதன் பொருள். அறிஞர் உலகின் நிலையை அப்பெயரே எடுத்துரைக்கும். மூன்றாவதாக, இலங்கைக்குரியது என்றமை பூச்சி கிடைத்த இடத்தை அதன் பிறப்பிடமாக மயங்க இடந்தருகிறது. கள்ளியே புத்துலகத்துச் செடியாயிருக்கக் கள்ளியில் மட்டும் வாழும் பூச்சி இலங்கையிற் பிறந்திருத்தல் இயலாது. கிரீன் அதனை அறியாதவர் என்று கூறுவது பொருந்தாது. கிடைத்த இடத்தாற் பெயரிடுதல் அக்காலத்துப் பெருவழக்கு. ஆயினும் வழக்கு என்பது குற்றத்தை விளக்குமேயன்றி நீக்காது.

சாதிப்பெயரின் கதை இதனினும் சிக்கலானது. இலின்னேயஸ் கொக்கஸ் என்னும் ஒரே சாதியில் அடக்கிய பூச்சிகளைப் பின்வந்தோர் பல சாதிகளாகப் பிரித்தனர். இத்தாலியரான கொஸ்தா 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெய்க் கொச்சினீலுக்கென டக்டிலோப்பியஸ் என்னும் சாதியை வகுத்தார். ஆனால் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருஞ்செல்வாக்குப் பெற்ற பிரெஞ்சு அறிஞர் சிஞோரே, கொக்கஸ் என்பதைக் கொச்சினீலுக்கும் டக்டிலோப்பியஸ் என்பதை மாவுப்பூச்சிகளுக்கும் வழங்கினார். அவரைப் பின்பற்றியோர் பலர். பச்சைச் செதிற்பூச்சி போன்ற மென்செதிற்பூச்சிகள் லெக்கானியம் எனப்பட்டன. 1903ஆம் ஆண்டில் மரியா பேர்னல்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி உலகச் செதிற்பூச்சிகள் அனைத்துக்கும் ஒரு பட்டியல் வெளியிட்டு, முன்னுரிமை விதிப்படி பெயர்களை ஒழுங்குபடுத்தினார். அதன்படி கொக்கஸ் மென்செதிற்பூச்சிகளுக்கும், டக்டிலோப்பியஸ் கொச்சினீலுக்கும், சூடோகொக்கஸ் மாவுப்பூச்சிகளுக்கும் உரியனவாயின.

இம்மாற்றத்தின் விளைவை எண்ணுக. 1890ஆம் ஆண்டில் எழுதிய நூலொன்றில் டக்டிலோப்பியஸ் என்று கண்டால் அது பெரும்பாலும் மாவுப்பூச்சியைக் குறிக்கும். 1910ஆம் ஆண்டின் பின் எழுதியதிற் கண்டால் கொச்சினீலைக் குறிக்கும். முந்தியதிற் கொக்கஸ் என்றால் கொச்சினீல். பிந்தியதிற் கொக்கஸ் என்றால் கோப்பியின் பச்சைப் பூச்சி. பெயர்கள் அழியவில்லை; இருக்கை மாறின. அழிந்த பெயரினும் இருக்கை மாறிய பெயரே கற்போனை மிகுதியும் மயக்கும். ஏனெனில் அறியாத சொல்லைக் கண்டவன் அகராதியை நாடுவான். அறிந்த சொல்லைக் கண்டவன் நாடான்.

சாதி மாறும்போது சிறப்புப்பெயரின் ஈறும் மாறுவது தமிழ் கற்றோர்க்கு இனிய செய்தி. லெக்கானியம் இலத்தீனில் அலிப்பாற் பெயர். ஆதலின் பச்சை என்னும் அடைமொழி விரிடே என நின்றது. கொக்கஸ் ஆண்பாற் பெயர். ஆதலின் விரிடிஸ் என்றாயிற்று. நீற்னர் நிக்றம் என்று பெயரிட்ட கரும்பூச்சி, பெண்பாற் பெயரான பராசைசெற்றியா என்னும் சாதிக்குச் சென்றபோது நிக்ரா என்றாயிற்று. திணையும் பாலும் வழுவாது முடிதல் வேண்டும் என்னும் நம் இலக்கணக் கொள்கை பூச்சியியலிலும் ஆட்சி செலுத்துகிறது. மேலும், முதலில் இட்ட சாதியிலிருந்து ஓரினம் வேறொன்றுக்கு மாற்றப்படின், பெயரிட்டவர் பெயர் பிறைவளைவுகளுக்குள் எழுதப்படும். அவ்வளைவுகள் வெறும் அணியல்ல. அந்த இனம் எவருடன் உறவுடையது என்னும் தீர்ப்பு ஒருமுறை மாற்றப்பட்டது என்பதற்கு அவை சான்று.

கிரீன் புதிய ஒழுங்கை ஏற்றுக்கொண்டார். ஆயினும் 1908ஆம் ஆண்டில் இந்தியக் கொச்சினீலுக்கு டக்டிலோப்பியஸ் இந்திக்கஸ் என்று அவர் வேறொரு பெயரிட்டார். இந்தியப் பூச்சியும் இலங்கைப் பூச்சியும் ஒன்றே. 1865ஆம் ஆண்டளவில் அங்கிருந்து இங்கு வந்ததே அது. இவ்வாறு ஓரறிஞரே ஓருயிருக்கு இரு பெயர் சூட்டிய நிலை நேர்ந்தது. இது கிரீனின் பெயரீட்டிற் காணப்படும் வெளிப்படையான குறை. இடத்தைக் கொண்டு பெயரிடும் வழக்கம் இடம் வேறானால் இனமும் வேறு என்னும் எண்ணத்தை எளிதில் தூண்டும் என்பதற்கு இது தக்க சான்று. பூச்சி நடந்த வழியைப் பெயர் கூறாது மறைத்தமையால், பெயரிட்டவரே அவ்வழியைத் தவறவிட்டார் போலும்.

இம்மயக்கம் 1974ஆம் ஆண்டில் தீர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் ஆராய்ந்த டி லொற்றோ கொச்சினீற் சாதி முழுவதையும் மறுபடியும் ஆய்வு செய்தார். வளர்ந்த பெண் பூச்சியைக் கண்ணாடித் தகட்டிற் பதித்து, அதன் முதுகுமயிர்களின் வடிவையும் மெழுகுத் துளைகளின் அமைப்பையும் நுணுக்குக்காட்டியில் ஒப்புநோக்கும் முறை அது. இலங்கைப் பூச்சி தனியினம் என்பது உறுதியாயிற்று. இந்திக்கஸ் அதன் மறுபெயர் என்று ஒதுக்கப்பட்டது. வேறுபாடு என்னும் தாழ்ந்த படியில் இட்ட பெயரும் பின்னர் இனமாக உயர்த்தப்படும்போது தன் ஆண்டையும் ஆசிரியரையும் இழப்பதில்லை என்பது விதி. ஆகவே 1896ஆம் ஆண்டுப் பெயர் 1908ஆம் ஆண்டுப் பெயரை வென்றது. கிரீன் ஐயத்தோடு தாழ்வாக நிறுத்திய பெயரே நிலைத்தது. துணிவோடு உயர்வாக நிறுத்திய பெயர் மறைந்தது.

இனி, பிறப்பிடம் பற்றிப் பொய்யுரைக்கும் சிலோனிக்கஸ் என்னும் பெயரை மாற்றுதல் தகாதா என்பது வினா. தகாது என்பதே விடை. சிறப்புப்பெயர் காரணப்பெயர் போலத் தோன்றினும் விதியின்முன் அது இடுகுறியே. அதன் கடமை சுட்டுதல், விளக்குதல் அன்று. பொருள் தவறென்று ஒவ்வொரு பெயரையும் மாற்றத் தொடங்கினால், பழைய நூல்கள் அனைத்தும் பொருளற்றுப் போம். ஆனால் சாதிப்பெயரின் நிலை வேறு. ஒரு பூச்சியை டக்டிலோப்பியஸ் என்பது அதன் உறவு பற்றிய கூற்று. அக்கூற்றுத் தவறானால் திருத்தவே வேண்டும். சுருங்கக் கூறின், இலத்தீன் இருசொற்பெயரின் முதற்சொல் காரணத்தால் நிற்கிறது. இரண்டாஞ்சொல் இடுகுறியால் நிற்கிறது. இவ்வேற்றுமையை உணராதோர் முன்னதை மாற்றும்போது வெகுள்வர். பின்னதை மாற்றாதபோது நகைப்பர்.

பெயர் எதுவாயினும் பூச்சி தன் தொழிலைச் செய்யுமன்றோ என்று ஒருவர் மறுக்கலாம். இம்மறுப்புக்கு ஆதாரமும் உண்டு. டக்டிலோப்பியஸ் சிலோனிக்கஸ் 1913ஆம் ஆண்டிற் தென்னாப்பிரிக்காவிலும் 1914ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலும் களையழிக்க விடப்பட்டது. அது அழிக்கும் கள்ளி ஒப்பன்சியா மொனகந்தா என்பது; அச்செடியும் நெடுங்காலம் ஒப்பன்சியா வல்காரிஸ் என்னும் பொருந்தாப் பெயரால் வழங்கியது. பூச்சி பெயரைப் பார்த்து உண்ணவில்லை. செடியைப் பார்த்தே உண்டது. ஆனால் இதே இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வறண்ட நிலங்களை மூடிய மற்றொரு நாகதாளியாகிய ஒப்பன்சியா டில்லெனியை அது தீண்டவில்லை. அதற்கு வேறு கொச்சினீல் தேவைப்பட்டது. 1924ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்த அவ்வினம் 1926ஆம் ஆண்டில் இங்கிருந்து தென்னிந்தியாவுக்குச் சென்று, சில ஆண்டுகளிற் பெரும்பரப்பில் நாகதாளியை அழித்தது. இரு பூச்சிகளும் ஒன்றென்று எண்ணியிருந்தால் இரண்டாவதனைத் தேடும் எண்ணமே எழுந்திராது.

அவ்விரண்டாம் பூச்சியின் பெயரிலும் பிழை இருந்தது உண்மை. அக்காலத்து எழுத்துக்கள் அதனை டக்டிலோப்பியஸ் டொமென்டோசஸ் என்றன. உண்மையில் அது டக்டிலோப்பியஸ் ஒப்பன்சியே. தவறிய பெயரோடு வெற்றி கிடைத்தது என்றால், அதன் காரணம் பூச்சியை உயிரோடு அதன் செடியில் வைத்துச் சோதித்தமையே. ஆனால் அவ்வெழுத்துக்களை மட்டும் நம்பி டொமென்டோசஸைத் தேடிக் கொணர்பவன் ஏமாற்றமடைவான். அது வேறு கள்ளிச் சாதியில் வாழ்வது. முதல் முயற்சியாளரைச் சோதனை காத்தது. வழிவருவோரைப் பெயரே காத்தல் வேண்டும். அன்றியும், இலங்கையில் நன்மை செய்த இப்பூச்சியே 2014ஆம் ஆண்டில் மொரோக்கோவிற் காணப்பட்டு, கனிக்கும் வேலிக்குமாக மக்கள் வளர்த்த சப்பாத்திக்கள்ளியைப் பேரளவில் அழித்தது. இவ்வினத்துள்ளும் வெவ்வேறு கள்ளிகளை விரும்பும் கிளைகள் உண்டு என்பதைத் தென்னாப்பிரிக்க ஆய்வுகள் காட்டின. இனத்தின் பெயர் போதாது, அதனுள்ளும் பிரிக்கவேண்டும் என்னும் நிலை இன்று தோன்றியுள்ளது.

தமிழ் கற்போர்க்கு இவ்வரலாறு வேறொரு வகையிலும் உரியது. மழைக்காலத்தில் ஈரமண்ணில் ஊர்ந்து திரியும் செந்நிறச் சிற்றுயிரை நம் பண்டைப் புலவர் மூதாய் என்றனர்; இந்திரகோபம், தம்பலப்பூச்சி என்பனவும் அதன் பெயர்கள். மோனியர் வில்லியம்ஸ் 1899ஆம் ஆண்டுச் சமற்கிருத அகராதியில் இந்திரகோபம் என்பதற்குக் கொச்சினீல் என்று பொருள் தந்தார். இஃது ஏற்கத்தக்கதன்று. கொச்சினீல் அமெரிக்கக் கள்ளியில் வாழ்வது; 1795ஆம் ஆண்டுக்கு முன் இந்தியாவில் அது இருந்ததற்கு இடமில்லை. மேலும் மூதாய் நிலத்தில் ஊர்வது, எண்கால் உடையது; கொச்சினீற் பெண் பூச்சி செடியில் ஒட்டியிருப்பது, பூச்சியினத்தது. செந்நிறம் ஒன்றைக் கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிய அகராதியை நம்பிப் பழம்பாடலுக்கு உரை காண்பவன், முல்லை நிலத்தில் மெக்சிக்கோவைக் கொணர்ந்து வைத்தவன் ஆவான். கம்பனியார் கல்கத்தாவிற் செய்த பிழையும் அகராதியார் நூலகத்திற் செய்த பிழையும் ஒருதன்மையவே.

கலைச்சொல்லாக்கத்திலும் கருத வேண்டியது ஒன்றுண்டு. இலங்கையின் கலைச்சொற்றொகுதிகள் சாதி, இனம் என்று வழங்குவனவற்றைத் தமிழ்நாட்டு நூல்கள் பேரினம், சிற்றினம் என்று வழங்குகின்றன. இங்கே இனம் என்றால் சிறப்பு. அங்கே இனம் என்னும் சொல் பொதுவிலும் சிறப்பிலும் அடியாக நிற்கிறது. இரு வழக்கும் தனித்தனியே பழுதற்றவை. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் கற்கும்போது, டக்டிலோப்பியஸ் என்னும் பெயர்க்கு 1903ஆம் ஆண்டில் நேர்ந்த இருக்கை மாற்றமே இங்கும் நேர்கிறது. எச்சொல்லைக் கொள்வது என்னும் வழக்கு தீரும் வரை, எழுதுவோர் தாம் எந்த வழக்கைக் கொண்டனர் என்பதைத் தொடக்கத்திலேயே கூறுதல் குறைந்தபட்சக் கடமையாகும்.

கிரீன் 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் காலமானார். அவர் திரட்டிய செதிற்பூச்சிகளிற் பெரும்பகுதி இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது. பேராதனையிற் பிறந்த பெயர்களின் உண்மையை ஐயுறும் இலங்கை மாணவன், பெயருக்குச் சான்றான பூச்சியைக் காண இலண்டனை நாடவேண்டிய நிலை இதனால் உளதாயிற்று. ஆயினும் பூச்சிகளின் வழித்தோன்றல்கள் இந்நாட்டிலேயே உள்ளன. மலைநாட்டுக் கோப்பிச் செடியின் இலையடியிற் பச்சைச் செதிற்பூச்சியைத் தேடிக் காணலாம். கள்ளித்தண்டிற் பஞ்சுபோன்ற வெண்புள்ளி தென்பட்டால் அதனை நசுக்கிச் செந்நிறம் தோன்றுகிறதா என்று பார்க்கலாம். அவ்வாறு பார்த்துச் சேர்த்த பூச்சியோடு, சேர்த்த செடியின் பெயரையும் இடத்தையும் நாளையும் எழுதி வைப்பவன், கிரீன் விட்டுச்சென்ற வேலையை அவர் விட்ட குறையின்றித் தொடர்பவன் ஆவான்.